போர்டு வச்ச புளியங்கன்னு

ஏலே, அந்தப் போர்டைக் கொஞ்சம் நிமித்திப் பிடி. கண்ணாடி இல்லாம எழுத்து மங்குது. "காற்றிலிருந்து நைட்ரஜன் எடுத்துத் தரும் மரங்கள். மண்ணுக்கு எங்கள் கொடை." அடி சக்கை! எழுத்து ஜோரா இருக்கு. ஓரத்துல ரெண்டு இலை, கீழ ஒம்போது ஆளு பேரு. கன்னு எத்தனை நட்டீங்க? ஏழா? ஏழு கன்னுக்கு ஒம்போது பேரு. சரி, கிடக்கட்டும். குழி தோண்டுனவன் பேரு எங்க? காணோமே. தோண்டுனது நான்லா!

கோவப்படாதே மக்கா. திண்ணையில உக்காரு, மோர் குடி. போட்டோ எடுத்தாச்சு, ஊருக்கெல்லாம் அனுப்பியாச்சு, இனி என்ன அவசரம்? கன்னுக்குத் தண்ணி ஊத்தியாச்சான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா "பொழுது சாயட்டும் பாட்டையா"ம்பே. பொழுது சாஞ்சா நீ பஸ்ஸுல இருப்பே.

நாலு புளி, மூணு சரக்கொன்றை. ரெண்டும் நெத்து காய்க்கும். நெத்து காய்ச்சா அவரைக் குடும்பம். அவரைக் குடும்பம்னா வேருல முடிச்சு இருக்கும். முடிச்சு இருந்தா நைட்ரஜன் கொட்டும். அப்படித்தானே உன் கணக்கு? கணக்குல ஒரு குத்தமும் இல்லே. அந்த மரங்களுக்குத்தான் கணக்கு தெரியலை.

வா, மம்பட்டியை எடு. வரப்போரம் ஒரு உளுந்தஞ்செடி நிக்கு பாரு. புடுங்காதே கோட்டிக்காரா! புடுங்குனா முடிச்செல்லாம் மண்ணோட தங்கிரும். சுத்தி வெட்டிப் பைய எடு. வாளித் தண்ணியில அலசு. தெரியுதா, வேருல கடுகு கடுகாத் தொங்குதே? அதுல ஒண்ணை நகத்தால கீறு. உள்ள என்ன நிறம்? ரோஸ். நம்ம ரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கிற ஹீமோகுளோபின் இருக்கே, அதோட ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் அந்த முடிச்சுக்குள்ள இருக்கான். நீ ரோஸைக் கண்டா அங்க வேலை நடக்குதுன்னு அர்த்தம். பச்சையாவோ பழுப்பாவோ போயிருந்தா கடை சாத்தியாச்சு.

இப்பம் வீட்டுக்குப் பின்னால வா. இந்தப் புளி எங்க அப்பா காலத்து மரம். அடியில தோண்டு. பொடி வேரைத் தேடிப் பிடி. அலசு. பாத்தியா? ஒரு முடிச்சாவது? மொட்டை. நாளைக்குத் தோண்டுனாலும் மொட்டை. சரக்கொன்றையும் அப்படித்தான். குடும்பத்துல பொறந்துட்டா எல்லாரும் குடும்பத் தொழில் பாக்கணுமா? உங்க அப்பன் நாதஸ்வரம் வாசிச்சான், நீ கம்ப்யூட்டர் தட்டுதே. நாங்க ஏதாவது கேட்டோமா?

அந்தப் பக்கம் சவுக்கு நிக்கு பாரு. நெத்துமில்லே, அவரையுமில்லே. இலை எது குச்சி எதுன்னே தெரியாத மரம். அதோட வேரைத் தோண்டிப் பாரு. கொத்துக் கொத்தா முடிச்சு! அதுல குடியிருக்கிறவன் வேற ஆளு, பிராங்கியான்னு பேரு. அவனும் காத்துல இருந்துதான் நைட்ரஜன் எடுக்கான். ஆக, நெத்தைப் பாத்து முடிச்சைச் சொல்லாதே. பட்டுச்சட்டையைப் பாத்து மொய்ப் பணத்தைச் சொன்ன கதையாப் போயிரும்.

"இதெல்லாம் உமக்கு யாரு சொன்னா"ன்னு முழிக்காதே. எம் பேத்தி மேட்டுப்பாளையத்துல வனவியல் படிக்கா. லீவுக்கு வந்தா ராத்திரி எனக்குப் படிச்சுக் காட்டுவா. நான் பாதி தூக்கத்துல கேப்பேன். பாதி தூக்கத்துல கேட்டது எனக்கு நிக்கு. முழிச்சிருந்து போன்ல பாத்தது உனக்கு நிக்க மாட்டேங்கு.

சரி, அப்படி என்ன பெரிய வேலை அந்த முடிச்சுக்குள்ளே? எனக்கு வயசு 78. காத்துல நைட்ரஜன் எவ்வளவுன்னு யாரும் கேட்டா என் வயசைத்தான் சொல்லுவேன்: நூத்துக்கு 78 பங்கு. மூக்கு முட்ட நைட்ரஜன். ஆனா ஒரு செடியும் அதை நேராத் தின்ன முடியாது. ஏன்? ரெண்டு ரெண்டு அணுவாச் சேந்து நிக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவுல மூணு முடிச்சு போட்டிருக்கு. நம்ம மூணு முடிச்சையாவது கோர்ட்டுல அவுத்துரலாம். இது அசையாது.

அதை அவுக்க மனுசன் பட்ட பாடு இருக்கே! ஜெர்மனியில ஃப்ரிட்ஸ் ஹேபர்னு ஒருத்தர் 1909ல அவுத்துக் காட்டுனார். கார்ல் போஷ் அதைப் பெருசாக்கி, 1913ல ஓப்பாவுல ஆலை ஓட ஆரம்பிச்சது. காத்தழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அமுக்கணும். 500 பாகை அளவுக்குச் சூடேத்தணும். ஹேபருக்கும் நோபல் பரிசு, போஷுக்கும் நோபல் பரிசு. உன் யூரியா மூட்டைக்கு இன்னைக்கும் முதல் படி அதுதான்.

அதே முடிச்சை உளுந்தஞ்செடி வேருல ஒரு பாக்டீரியா சத்தமில்லாம அவுக்குது. சூடு? நம்ம வயக்காட்டுச் சூடுதான். அழுத்தம்? ஒண்ணுமில்லே. நோபல் பரிசு? ஒருத்தரும் கூப்பிடலை. முடிச்சு சங்கதியை ஹெல்ரீகல்னு ஒரு ஜெர்மன்காரர் 1886ல சபையில எடுத்துச் சொன்னார். ரெண்டு வருசத்துல பெயரிங்க்னு ஒரு டச்சுக்காரர் அந்த பாக்டீரியாவைத் தனியாப் பிரிச்சுக் காட்டிட்டார்.

உடனே "நம்ம முன்னோர்களுக்கு இது அப்பமே தெரியும்"னு நெஞ்சை நிமித்தாதே. அவுகளுக்கு நைட்ரஜனும் தெரியாது, பாக்டீரியாவும் தெரியாது. உளுந்து போட்ட வயல்ல அடுத்த நெல்லு தெம்பா வரும்னு தெரியும். கொடிக்கால்ல வெத்தலைக்கு அகத்தியைத் துணைக்கு நட்டா கொடி செழிக்கும்னு தெரியும். அவ்வளவுதான். அது போதும்லா?

இப்பம் கூலிக் கணக்குக்கு வா. அந்த பாக்டீரியா சும்மா வேலை செய்யாது. மரம் வெயில்ல நின்னு சமைச்ச சர்க்கரையைக் கீழ அனுப்பணும். ஒரு கிராம் நைட்ரஜனுக்குப் பல கிராம் சர்க்கரை செலவு. மரமும் லேசுப்பட்ட ஆளு இல்லே. சோயாவுல சோதிச்சுப் பாத்திருக்காங்க. முடிச்சுக்குள்ள உக்காந்துக்கிட்டு வேலை செய்யாம சாப்பிடுற பாக்டீரியாவுக்குச் செடி மூச்சுக்காத்தைக் குறைச்சிருது. வேலை செய்யாத சம்பந்திக்கு நம்மளால காப்பியைக் கூட நிறுத்த முடியலை!

உன் போர்டுல "கொடை"ன்னு போட்டிருக்கியே, அதுக்குத்தான் வாறேன். கொஞ்சம் தூரம் போயிட்டு வரணும். பனாமா தெரியுமா? கப்பல் விடுற கால்வாய் உள்ள ஊரு. அந்தக் கால்வாய்ப் பக்கத்துல மாடு மேய்க்கக் காட்டை அழிச்சாங்க. பெறவு மேய்ச்சலை விட்டாங்க. விட்ட இடத்துல காடு தன்னால திரும்ப வந்துச்சு. ஒருத்தரும் போர்டு வைக்கலை, அதனால வந்துச்சுன்னு நினைக்கேன்.

அங்க சாரா பேட்டர்மன்னு ஒரு அம்மாவும் கூட்டாளிகளும் போய் மரம் மரமா அளந்தாங்க. அஞ்சு வருசக் குட்டிக் காட்டுல இருந்து 300 வருசக் கிழட்டுக் காடு வரைக்கும். 2013ல 'நேச்சர்' பத்திரிகையில கணக்கு வந்துச்சு. காடு திரும்ப முளைக்கிற முதல் 12 வருசத்துல ஹெக்டேருக்கு 50,000 கிலோ கார்பனை மரமாக் கட்டிருது. ஹெக்டேர்னு சொன்னா எனக்குப் புரியாது. ஏக்கருக்கு 20 டன். அந்தக் கட்டுமானத்துக்கு வேண்டிய நைட்ரஜன்ல பாதிக்கு மேல இந்த முடிச்சு மரங்கதான் கொண்டு வந்திருக்கு. இளங்காட்டுல ஒத்தைக்கு ஒத்தை மரமாப் பாத்தா, அக்கம்பக்கத்து மரத்தை விட 9 மடங்கு வரைக்கும் வேகமாக் கார்பன் சேத்திருக்கு.

அதுல ஒரு மரவகைக்குப் பேரு இங்கா. சிரிக்காதே, நெசமாத்தான்! நம்ம ஊருல கைப்புள்ள அழுதா "இங்கா வேணுமா"ன்னு கேட்டுப் பால் கொடுப்போம்லா? அந்தக் காட்டுக்கும் கைப்புள்ள வயசுலதான் இங்கா வேண்டியிருக்கு. நீளமா நெத்து காய்க்கும். உள்ள விதையைச் சுத்திப் பஞ்சு மாதிரி வெள்ளைச் சதை, இனிக்கும், அங்க பிள்ளைக திங்குமாம். நீ பள்ளிக்கூடத்து வாசல்ல கொடுக்காய்ப்புளி தின்னிருப்பியே, அது இதுக்குச் சொந்தக்காரன். அதுவும் அந்த மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துல இருந்து கப்பல் ஏறி வந்ததுதான். வேலிக்கு நடுற கிளைரிசிடியாவும் அப்படித்தான். வந்து பழகிட்டா எவனும் சொந்த ஊர்க்காரன்தான்.

இனிமேதான் கதையில ருசியே இருக்கு. 12 வருசம் பால் கொடுத்த இங்கா, பெறவு என்ன செஞ்சுது? நிறுத்திருச்சு! 300 வருசக் காட்டுல போய்ப் பாத்தா மரம் நிக்கு, வேருல வேலை நடக்கலை. இத்தனை வருசம் உதிர்ந்த இலை மக்கி மண்ணுலயே நைட்ரஜன் சேந்து கிடக்கு. கீழ சும்மா கிடைக்கிறப்பம் சர்க்கரையைச் செலவழிச்சுக் காத்துல எதுக்குப் பிடிக்கணும்? அடுப்புல சோறு இருக்கும்போது ஓட்டலுக்கு ஆர்டர் போட அது என்ன உன் வீட்டுப் பிள்ளையா? ஆனா அதே காட்டுல ஒரு பெரிய மரம் சாஞ்சு, வெயில் தரையில விழுந்து, புதுசா முளைக்கிற போட்டி வந்துச்சுன்னா அங்க மட்டும் திரும்ப முடிச்சு ரோஸாகுது. புள்ளைக்குப் பால் மறக்கடிக்க நம்ம பொம்பளைங்க வேப்பெண்ணெய் தடவணும். மரம் தடவாமலே மறக்கடிக்குது, வேணும்னா திரும்பவும் சுரக்குது.

முடிச்சு மரங்களை வச்சுத்தான் படிச்சவங்க ரொம்ப நாளா மண்டையை உடைச்சாங்க. அமெரிக்காக் கண்டத்துல வெப்பக் காட்டுல இந்த மரங்க, குளிர் காட்டை விட ஏறத்தாழ 10 மடங்கு அடர்த்தியா நிக்கு. ஆனா நைட்ரஜனுக்குப் பஞ்சம் பிடிச்சது குளிர் காடு! பசியில்லாத வீட்டுல பத்து சமையக்காரன், பசிச்ச வீட்டுல ஒருத்தன். இது என்ன கூத்து? அவங்க சொல்லுத விளக்கத்துல ஒண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு. குளிர் நாட்டு ஆல்டர் மரத்துக்கு நிறுத்தத் தெரியாது. தேவை இருந்தாலும் இல்லாட்டியும் சர்க்கரையைக் கொட்டிக்கிட்டே இருக்கும். மண்ணு செழிச்சதும் செலவு தாங்காமப் போட்டியில தோத்துரும். வெப்பக் காட்டு மரத்துக்கு நிறுத்தத் தெரியும். அதனால கிழட்டுக் காட்டுலயும் அது நிலைச்சு நிக்கு.

"அப்பம் கொடைதானே பாட்டையா?"

எங்கலே கொடை? இங்கா உடனே பக்கத்து மரத்துக்குக் கிண்ணத்துல ஊத்தியா கொடுக்குது? முதல்ல அது தின்னும். தானே வளரும். பெறவு இலை உதிரும், வேர் மக்கும், முடிச்சு அழுகும், அப்பம்தான் அடுத்தவனுக்கு. இது மொய்டே. இன்னைக்கு எழுதுனா என்னைக்கோ திரும்பும். அதுவும் யார் வீட்டுக்குத் திரும்பும்னு எழுதுனவனுக்கே தெரியாது. கோஸ்டாரிக்காவுல திரும்ப முளைக்கிற காடுகளை அளந்து 2017ல ஒரு கூட்டம் எழுதியிருக்கு. அங்க முடிச்சு மரத்துக்குப் பக்கத்துல நின்ன மரங்க வளர்ச்சி குறைஞ்சுதான் போயிருந்துச்சு. ஏன் குறையாது? வேகமா வளர்றவன் வெயிலை மறைப்பான், தண்ணியை இழுப்பான். பக்கத்துல மாடி வீடு எழும்பினா உன் முத்தத்துல வத்தல் காயுமா?

இன்னொரு செலவும் உண்டு. பூச்சிக் கடி. பனாமாவுல பாரோ கொலராடோத் தீவுக் காட்டுல எண்ணிப் பாத்திருக்காங்க. முடிச்சு மர இலையைப் பூச்சி கூடுதலாக் கடிச்சிருக்கு. சம்பாதிக்கிறவன் வீட்டுக்குத்தான் கடன் கேட்டு வருவான்.

இது போக, முடிச்சு வேலை செய்ய பாஸ்பரஸ் வேணும். இம்மி அளவு மாலிப்டினம் வேணும். மழையில லட்சம் வருசமாக் கரைஞ்ச செம்மண்ணுல ரெண்டும் தட்டுப்பாடு. மாவு மூட்டை மூட்டையா இருந்து உப்பு இல்லேன்னா தோசை எப்படி? அதை விடு, உனக்குக் கொட்டாவி வருது.

நிறுத்தத் தெரியாததுனால என்ன வரும்னு நான் பட்டுத் தெரிஞ்சேன். அப்பம் எனக்கு உன் வயசு. பக்கத்து வயல்காரன் ரெண்டு மூட்டை யூரியா போட்டான்னு நான் நாலு போட்டேன். பயிரு கருகருன்னு வந்துச்சு. ரோட்டுல போறவன் சைக்கிளை நிறுத்திப் பாத்துட்டுப் போனான். எனக்குத் தலை கால் புரியலை. அந்தானைக்கு இலைச்சுருட்டுப் புழு வந்துச்சு. மிச்சம் நின்னது கதிர் பிடிக்கிறப்பம் ஒரு காத்துக்கு அப்படியே படுத்துருச்சு. பாத்துட்டுப் போன எவனும் அறுக்க வரலை.

ஒரு வயல் படுத்தா ஒரு வருசத்தோட போச்சு. மலை படுத்தா? நீலகிரியில வெள்ளைக்காரன் போன நூத்தாண்டுக்கு முந்தின நூத்தாண்டுல சீகை மரத்தைக் கொண்டு வந்தான். வாட்டில்ங்கானே, அதுதான். ஆஸ்திரேலியா மரம். விறகுக்கு ஆச்சு, தோல் பதனிட அதோட பட்டை ஆச்சு. அதுவும் முடிச்சு மரந்தான், உன் போர்டுல எழுதத் தகுதியுள்ள மரம்! அங்க மலை உச்சியில என்ன இருந்துச்சு? சோலைக் காடு பள்ளத்துல, புல்வெளி மேட்டுல. அந்தப் புல்லு எத்தனையோ ஆயிரம் வருசமா இருக்கிறதை வச்சுக் குடித்தனம் நடத்திக்கிட்டு இருந்துச்சு. நைட்ரஜன் கொடுன்னு எவன்கிட்டயும் மனு கொடுக்கலை. சீகை புல்வெளிக்குள்ள புகுந்துச்சு. வெட்டினா, தீ பட்டா, மண்ணுல வருசக்கணக்காத் தூங்குன விதை கூட்டமா முளைக்குது. புல்லு போனா வரையாடு எங்க மேயும்? தோல் பதனிடுற இடத்துலயா?

ராமநாதபுரத்துக்காரன் ஒருத்தனைப் பிடிச்சு நைட்ரஜன் மரம் நல்லதான்னு கேட்டுப் பாரு. சீமைக்கருவேலமும் முடிச்சு மரந்தாம்பான். கண்மாய்க்குள்ள இறங்கிருச்சும்பான், பெறவு அதை வெட்டித்தான் கரிமூட்டம் போட்டுக் கஞ்சி குடிக்கோம்னும் சொல்லுவான். ரெண்டும் நெசம். அவன் எதைப் போர்டுல எழுதுவான்?

அதனால மக்கா, அடுத்த தடவை கன்னு தூக்கிக்கிட்டு வாறதுக்கு முன்னால மண்ணைப் பாரு. கல்குவாரி தோண்டிப் போட்ட இடமா, மண்சரிஞ்ச மலைச் சரிவா, மாடு மேஞ்சு மொட்டையான மேடா, அங்க முடிச்சு மரம் வேணும். நம்ம ஊரு மரத்துலயே வாகை இருக்கு, புங்கன் இருக்கு, வேங்கை இருக்கு. என் கொல்லைக்கு எதுக்கு? 40 வருசமா மாட்டுச் சாணியும் வாழை மட்டையும் மக்கிக் கிடக்குத மண்ணு இது. ஏற்கெனவே சாப்பிட்டு ஏப்பம் விடுதவனுக்கு இலை போட்டுப் பந்தி வைக்கீங்க, அதுவும் சமைக்கத் தெரியாத சமையக்காரனைக் கூட்டிட்டு வந்து.

என்ன, எந்திரிச்சு எங்க போறே? கன்னைப் புடுங்கவா? உக்காருலே. புளி என்ன பாவம் பண்ணுச்சு? நீ சொன்ன பொய்க்கு அதை ஏன் தண்டிக்கே? நிழல் தரும், புளி தரும், ஆச்சிக்கு ரசத்துக்கு ஆகும். கொன்றை சித்திரையில மஞ்சளாப் பூத்தா நானே போய் நின்னு பாப்பேன், அப்பம் இருந்தேன்னா. கன்னு நிக்கட்டும். போர்டை மட்டும் மாத்து. "புளியங்கன்னு. பத்து வருசம் தண்ணி பாத்தா புளி கிடைக்கும்"னு எழுது. பேரு எழுத இடம் மிஞ்சுச்சுன்னா குழி தோண்டுனவன் பேரையும் போடு.

பெயிண்டு டப்பா மாட்டுத் தொழுவத்துல கிடக்கு. வாளி கிணத்தடியில. கடைசி பஸ்ஸு எட்டரைக்குத்தான்.